முள் மரத்தில் தொங்கிய பைகள்

ஒரு பெரிய நகரத்தின் நடுவில் இருந்த ஏரியில் வாத்துகள், பன்றிகள், பெருச்சாளிகள், காகங்கள் எல்லாம் வாழ்ந்து வந்தன. ஏரியைச் சுற்றிப் பத்து மாடி, இருபது மாடிக் கட்டிடங்கள். ஒரு பக்கம் பெரிய சாலையும் மேம்பாலமும்.

ஏரிக்கு வடக்கே ஒரு கால்வாய். அது வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வரும். அந்தக் கரையில் பச்சைப் புல்லும் நல்ல நிழலும் உண்டு. அங்கே வாத்துகள் இருந்தன.

தெற்கு மூலையில் மதகு. அது வழியாகத்தான் தண்ணீர் வெளியே போகும். அங்கே எப்போதும் சேறு, நாற்றம். அந்த இடத்தில் யார் இருப்பார்கள்? வேறு இடம் கிடைக்காதவர்கள்தான் இருந்தார்கள்.

பவுனு என்ற பன்றி மழையே பெய்யாத ஓர் ஊரில் இருந்து நடந்தே வந்தது. அதற்கு எட்டுக் குட்டிகள். பாபுலால் என்ற பெருச்சாளி வடக்கே எங்கேயோ ஒரு வெங்காய லாரியில் ஏறி, இங்கே வந்து இறங்கியது. அது பேசினால் பாதிதான் புரியும். அவர்களோடு ஒரு காகமும் சேர்ந்துகொண்டது.

கட்டிடத்து மனிதர்கள் குப்பையைப் பையில் கட்டிக் கால்வாயில் போடுவார்கள். அது மிதந்து வாத்துகளின் கரைக்கு வரும். வாத்துகள் காலால் ஒரு தள்ளு தள்ளும்.

"அந்தப் பக்கம் போ!"

பை காற்றோடு தெற்கே போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் போனால் சரி, வாத்துகளுக்கு நிம்மதி.

விடிந்தால் மதகில் பைகள் அடைத்துக்கொண்டு நிற்கும். பைக்குள் மிச்சச் சோறு இருக்கும், காய்த் தோல் இருக்கும். அதற்காக மூன்றும் வேலையில் இறங்கும். பவுனு மூக்கால் அடியில் இருந்து முட்டித் தூக்கும். தண்ணீர் நிறைந்த பை கல் மாதிரி கனக்கும். பாபுலால் பல்லால் கிழித்துத் தண்ணீரை வடிய விடும். சாப்பிட்டு முடித்ததும் வெறும் பையைக் காகம் தூக்கிப் போய், கரையில் இருந்த முள் மரத்தில் குத்தி வைக்கும். தரையில் போட்டால் காற்றடித்து மறுபடி தண்ணீரில் விழுந்துவிடும் அல்லவா!

அது ஐப்பசி மாதம். வாத்துகளின் தலைவன் பெயர் வெள்ளையப்பன். அதன் மனைவி அல்லி, தண்ணீர் ஓரமாகக் கூடு கட்டி பதினோரு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்தே நாளில் பொரிந்துவிடும்.

அன்று காலையில் வெள்ளையப்பன் இருபது வாத்துகளோடு மதகு மூலைக்கு வந்தது.

"ஏய் பவுனு! அந்த மரத்தைப் பாரு! சிவப்புப் பை, நீலப் பை, கருப்புப் பை! எங்க கரையில ஒரு பையாவது கிடக்குதா? ஏரியையே குப்பைமேடு ஆக்கிட்டீங்க!"

"அண்ணே, அதெல்லாம் மதகுல இருந்து எடுத்ததுண்ணே" என்றது பவுனு.

"உன் வீட்டு மரத்துலதானே தொங்குது? அப்ப உன் குப்பைதான்!"

"நல்லா இருக்கே நியாயம்!" என்றது காகம். "அழுக்குத் துணி எல்லாம் சலவைக்காரர் வீட்டுல கிடக்குது. அப்ப ஊர்த் துணியை அழுக்காக்குறது அவரா?"

"வாயை மூடு! நாங்க இந்த ஏரியிலயே பொறந்தவங்க. நீங்கல்லாம் எங்கிருந்தோ வந்தவங்க!"

"உங்க அப்பா பிரியாணிக் கடைக் கூண்டுல இருந்து தப்பிச்சு ஓடி வந்தவர்தானே! நாங்க பாக்கலையா?"

இரண்டு சின்ன வாத்துகள் சிரித்துவிட்டன. வெள்ளையப்பனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"என் முட்டை பொரியப் போகுது. முட்டை திருடுற கூட்டத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்குறது?"

பாபுலால் முன்னால் வந்தது. "நான் வந்து ரெண்டு மழை ஆச்சு. ஒரு முட்டை காணோம் ஆச்சா? நீ சொல்லு!"

பதில் இல்லாதவர்கள் செய்வதைத்தான் வெள்ளையப்பனும் செய்தது. "கொத்துங்கடா!" என்று கத்தியது.

இருபது வாத்துகளும் கொத்தின. பவுனு குட்டிகளோடு சாலைக்கு வந்தது. பாபுலாலும் பின்னாலேயே வந்தது. அந்தப் பக்கம் மேம்பாலத்துக்கு அடியில் ஒரு கல்மேடு இருந்தது. நடுவில் பேருந்தும் காரும் பறந்தன. காகம் கம்பத்தில் உட்கார்ந்து, "இப்ப வா! வேணாம், நில்லு! இப்ப ஓடு!" என்று கத்த, பவுனு ஒவ்வொரு குட்டியாகக் கூட்டிக்கொண்டு எட்டு முறை சாலையைக் கடந்தது.

வாத்துகள் முள் மரத்தில் இருந்த பைகளை எல்லாம் பிடுங்கிப் போட்டன. காற்று வீசியது. பைகள் எல்லாம் தண்ணீரில் விழுந்து, மதகைப் பார்த்துப் போயின.

"இப்பத்தான் ஏரி அழகா இருக்கு!" என்றது வெள்ளையப்பன்.

மறுநாள் மழை பிடித்தது. விடாத மழை. கால்வாயில் இருந்து தண்ணீர் திமுதிமுவென்று உள்ளே வந்தது. வெளியேதான் போகவில்லை.

"என்னங்க, தண்ணி கூட்டுக்கிட்ட வருது" என்றது அல்லி.

"மழைன்னா ஏறத்தான் செய்யும். தானா வடிஞ்சிரும்."

வடியவில்லை. மூன்றாம் நாள் மதியம் தண்ணீர் கூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அல்லி புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி முட்டைகளுக்கு அடியில் வைத்தது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வாத்துக்குக் கையா இருக்கிறது?

வெள்ளையப்பன் மதகுக்கு ஓடியது. பைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடைத்துக் கிடந்தன. இருபது அலகுகளும் சேர்ந்து இழுத்தன. வழுக்கியதே தவிர ஒரு பையும் நகரவில்லை. தட்டை அலகால் எதைக் கிழிப்பது? அப்போதுதான் அதற்குப் புரிந்தது. தலை குனிந்து அல்லியிடம் வந்தது.

"அந்தப் பைங்க நாம தள்ளிவிட்டதுதான் அல்லி. அவங்கதான் தினமும் எடுத்திருக்காங்க."

"அப்ப போய் பவுனுவைக் கூப்பிடுங்க."

"எந்த முகத்தோட போவேன்?"

"இருக்கிற முகத்தோட போங்க! இன்னும் நாலு விரல்தான் பாக்கி!"

வெள்ளையப்பன் சாலைக்கு வந்தது. ஒரு பேருந்து அலறிக்கொண்டு போனதில் அதன் வால் இறகுகள் பறந்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முறை கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எட்டு முறை கடந்தாளே பவுனு என்று நினைத்தது.

கல்மேட்டின் மேல் காகம்தான் முதலில் பார்த்தது. "அடடே! ஏரிக்காரர் வந்திருக்கார்! என்ன, நாங்க அழகாயிட்டோமா?"

"தப்புப் பண்ணிட்டேன் பவுனு. மதகு அடைச்சிருக்கு. அல்லியோட முட்டை எல்லாம்..." என்றது வெள்ளையப்பன்.

"நல்லா வேணும்!" என்றது காகம்.

பவுனு எழுந்து நின்றது. "நீ சும்மா இரு காக்கா. முட்டைக்கு நம்ம சண்டை தெரியுமா? நீ குட்டிங்களைப் பாத்துக்க." பிறகு வெள்ளையப்பனைப் பார்த்தது. "வர்றேண்ணே. ஆனா வேலைக்காரியா வரல. வேலை முடிஞ்சதும் போன்னு சொன்னா போக மாட்டேன். அந்தக் கரை எனக்கும் வீடு. என் பிள்ளைங்களும் வடக்குத் தண்ணியில குளிக்கும்."

"குளிக்கட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்."

"நான்கூட குளிக்கும்!" என்றது பாபுலால்.

பவுனு, பாபுலால், வெள்ளையப்பன் மூன்றும் ஏரிக்கு ஓடின. பவுனு மூச்சை அடக்கி மூழ்கி, அடியில் இருந்து முட்டியது. பாபுலால் கிழித்தது. வெள்ளையப்பனும் மற்ற வாத்துகளும் கிழிந்த பைகளை இழுத்து இழுத்துக் கரையேற்றின. ஒரு பை, பத்துப் பை, நாற்பது பை! கடைசியில் ஒரு பெரிய கருப்பு மூட்டை பிய்த்துக்கொண்டு வர, மதகு ஓவென்று தண்ணீரைக் குடித்தது.

அங்கே கூட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அல்லி சிறகை விரித்து முட்டைகளை நடுவில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது. நின்றது. பிறகு மெதுவாக, மெதுவாக இறங்கியது.

இரண்டு நாள் கழித்து ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன. ஓரத்தில் நனைந்த இரண்டு முட்டைகள் பொரியவே இல்லை. அல்லி அவற்றின் மேல் புல்லை மூடிவிட்டு வந்தது.

மறுநாள் காலையில் வெள்ளையப்பன் கால்வாய் வாயில் போய் நின்றது. ஒரு பை மிதந்து வந்தது. அதைத் தள்ளிவிடவில்லை. கவ்விக் கரைக்கு இழுத்து வந்தது.

"சே! என்ன நாத்தம்!"

"மூச்சை அடக்கிக்கிட்டு இழுங்க" என்றது அல்லி.

பாபுலால் அங்கேயே அதைக் கிழித்தது. காகம் வெறும் பையை முள் மரத்துக்குக் கொண்டு போனது. பழைய பிளாஸ்டிக் பொறுக்கி விற்கும் பெண் ஒருத்தி அந்த மரத்தைப் பார்த்துவிட்டாள். வாரம் ஒரு முறை சாக்கோடு வந்து பைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். மதகில் வந்து சேரும் பைகள் பாதியாகக் குறைந்தன. தெற்கு மூலையில் சேறு காய்ந்து புல் முளைத்தது. வடக்குக் கரையில் ஒன்பது வாத்துக் குஞ்சுகளும் எட்டுப் பன்றிக் குட்டிகளும் ஒரே தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போட்டன.

நாம் தள்ளிவிடுகிற குப்பையை அள்ளுகிறவர்களை ஒதுக்கி வைத்தால் அது நம் வீட்டையே மூழ்கடிக்கும். அவர்களோடு சமமாக நின்று சேர்ந்து அள்ளினால்தான் எல்லார் வீடும் பிழைக்கும்.