கேள்வி கேட்காத எதிரி

“எதிரி என்ன கேப்பான்னு மட்டும் சொல்லிடுங்க மேடம். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் அருளப்பன் இப்படிப் போய் நின்றார்.

பேராசிரியர் மெஹருன்னிசா கையிலிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

“எதிரிகிட்டயே கேளுங்க சார்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் ஒரு பதிலா?

மாணவரை ‘சார்’ என்கிறாரே என்று பார்க்க வேண்டாம். அருளப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியார். பிஎச்.டி. முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று லீவு எழுதிக் கொடுத்து, சக ஆசிரியர்கள் போர்த்திய பொன்னாடையோடு சென்னைக்கு ரயிலேறியவர்.

முதலில் இந்த கிரிப்டோகிராஃபி பாடத்தில் தேற வேண்டும். தேறாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. அப்புறம் பொன்னாடை போர்த்தியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? பாவம், மனுஷன் பயப்படாமல் என்ன செய்வார்?

பாடமும் லேசுப்பட்டதில்லை. ரகசியம் காக்க ஒரு கணக்கு முறை செய்தால் மட்டும் போதாது. அதை யாராலும் உடைக்க முடியாது என்று நிரூபிக்கவும் வேண்டும். அந்த ‘யாரோ’வுக்கு அங்கே எதிரி என்று பெயர். வைவா அன்று மேடமே எதிரியாக வந்து உட்காருவார். அது அவர் வகுப்பின் வழக்கம்.

அருளப்பன் செய்திருந்தது ஒரு கையெழுத்து முறை. செய்தியும் கம்ப்யூட்டருக்கு ஒரு எண்தான்; அதோடு இன்னொரு எண்ணைச் சேர்த்து அனுப்புவார். அதுதான் கையெழுத்து. சரிதானா என்று யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். போடுவதற்கு மட்டும் அவரால்தான் முடியும்.

எதிரிக்கு ஒரு சலுகை உண்டு. “இந்தச் செய்திக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடு” என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கடைசியில், கேட்டு வாங்காத ஒரு செய்திக்கு அவனே கள்ளக் கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டும். போட்டுவிட்டால் அருளப்பன் கதை முடிந்தது.

அதனால் அவருக்கு அந்தக் கேள்விகள் மேல்தான் பயம். என்ன கேட்பான், எப்படி மடக்குவான் என்று யோசித்து யோசித்து ஆளே பாதியாகிவிட்டார். மெஸ்ஸில் சாம்பார் வாளிக்காரர் “இன்னும் வேணுமா?” என்று கேட்டால்கூடத் தூக்கிவாரிப்போட்டது.

மறுநாள் காலை, போர்டு முழுக்க நிரூபணத்தை எழுதினார். முதல் கேள்வியிலேயே எதிரியைச் சிக்க வைக்கிற நிரூபணம். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

மெஹருன்னிசா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“கேளுங்க மேடம்.”

அவர் கேட்கவில்லை.

அருளப்பன் விடவில்லை. எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தார். கெஞ்சாத குறைதான்.

மெஹருன்னிசா வாயைத் திறக்கவில்லை. ஒரு தாளில் மனம்போன போக்கில் ஒரு எண்ணை எழுதினார். லேப்டாப்பில் ஏதோ தட்டி, அதன் கீழே இன்னொரு எண்ணை எழுதினார். தாளை அருளப்பன் பக்கம் தள்ளினார்.

மேலே இருந்தது கையெழுத்து. கீழே இருந்தது செய்தி.

அருளப்பன் சோதித்துப் பார்த்தார். ஒருமுறை தப்பாகத் தட்டி, மறுபடியும் தட்டினார். சரியான கையெழுத்து என்று திரை சொன்னது. செய்தி தலையும் வாலும் புரியாத வெறும் எண். கையெழுத்து என்னவோ அருளப்பனுடையதேதான்.

கையெழுத்தை முதலில் எழுதிவிட்டு, சோதிக்கிற கணக்கையே போட்டு அதற்கேற்ற செய்தியைக் கண்டுபிடித்திருக்கிறார். அதற்கு அருளப்பனிடம் எதையும் கேட்கவே வேண்டியதில்லை. இது அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

“நீங்க ஒண்ணுமே கேக்கலையே மேடம்.”

மெஹருன்னிசா போர்டின் முதல் வரியைக் காட்டினார். ‘எதிரி ஒரு கையெழுத்தாவது கேட்டு வாங்குவான்’ என்று அதில் இருந்தது.

“கேப்பேன்னு நீங்கதான் எழுதினீங்க. நான் எங்க ஒத்துக்கிட்டேன்?”

தென்காசி ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்குவது அருளப்பன் கண்முன் வந்து போனது. டஸ்டரை எடுத்து அந்த வரியை அழித்தார். அடுத்த வரி அதை நம்பித்தான் நின்றது. அதையும் அழித்தார். அதற்கடுத்ததும் அப்படித்தான். கடைசியில் போர்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

மேடம் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

அருளப்பன் சாக்பீஸை எடுத்து, ‘எதிரி என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது’ என்று எழுதினார். அடுத்த வரி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“இத்தனை நாள் பயந்ததெல்லாம் பயமே இல்ல மேடம்” என்றார். “இப்பதான் பயமா இருக்கு.”

“நீங்க எழுதின அந்த வரிலதான் நிரூபணமே ஆரம்பிக்கும் சார்” என்ற மெஹருன்னிசா, பேனாவைத் திறந்து, அவர் பெயருக்கு நேரே ‘தேர்ச்சி’ என்று எழுதினார்.