காசியில் விட்ட சீனி

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அதன் குரு உலகம்மைக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆவுடையப்பனுக்கோ அறுபத்தாறு. குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

ஆவுடையப்பன் ஆயுசு முழுக்கத் திருநெல்வேலியில் அல்வா கிண்டியவர். மனைவி போனபிறகு மடத்துக்கு வந்து அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் நேராகக் காசிக்கு ரயில் ஏறினார். காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும் அல்லவா? பாகற்காயை விட்டுவிட்டுக் கங்கையில் முங்கி எழும் ஆட்கள் உண்டு. ஆவுடையப்பன் அப்படிப்பட்டவர் இல்லை. சீனியையே விட்டார்.

திரும்பி வந்தபின் சீனி டப்பாவைக் கையால்கூடத் தொடவில்லை. காலையில் கருப்பட்டிக் காப்பி. வெயில் ஏறினால் வெந்நீரில் தேன். மத்தியானம் வெல்லப் பாயசம். படுக்கப் போகுமுன் பாலில் பனங்கற்கண்டு.

"வெள்ளைச் சீனிதான் விஷம். இதெல்லாம் மருந்துல்லா" என்று மடத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு துறவிக் களை வந்துவிடும்.

ஒருநாள் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து நொண்டிக்கொண்டு திரும்பியபோது அந்தக் களை இல்லை. கால் பெருவிரலில் எப்போதோ கரண்டி விழுந்து பட்ட புண், கட்டுக்குள்ளே இன்னும் ஈரமாகவே இருந்தது.

"என்ன சொன்னாங்க அண்ணாச்சி?"

"ரத்தத்துல சர்க்கரை இறங்கவே இல்லையாம். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா விரலை எடுத்துரணும்னு டாக்டர் சொல்லுதாரு."

அடுப்பு முன்னால் நின்றே வாழ்ந்த மனிதர். காலுக்கு ஆபத்து என்றதும் பயந்து போயிருந்தார்.

"காசியில விட்டதுக்கு ஒரு பலனும் இல்லையா? கெடுதல் பண்ணாத இனிப்புன்னு ஒண்ணு இருக்கும்லா, அதையாவது சொல்லுங்கம்மா."

"நாம ரெண்டு பேரும் சொன்னா பத்தாது. தெரிஞ்சவங்ககிட்டயே கேட்டுருவோம்" என்றார் உலகம்மை.

அடுப்படியின் பின்வாசல் படியில் வாழையிலைத் துண்டுகளைப் பரப்பச் சொன்னார். ஒன்றில் சீனி. அடுத்தவற்றில் வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன். ஆவுடையப்பன் ஏதோ நினைத்துக்கொண்டு உள்ளே போய், சீனிக்குப் பதில் காப்பியில் போட மகன் சென்னையிலிருந்து அனுப்பிய இனிப்பு மாத்திரையில் ஒன்றைக் கொண்டுவந்து கடைசி இலையில் வைத்தார்.

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வந்தன. சீனியில் மொய்த்தன. வெல்லத்தில் மொய்த்தன. கருப்பட்டியிலும் கற்கண்டிலும் ஏறின. தேனின் ஓரத்தில் வட்டமாக நின்று குடித்தன. மாத்திரைப் பக்கம் ஒன்றும் போகவில்லை.

ஆவுடையப்பனுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா, இது ஒண்ணுதான் சுத்தம்! இனிமே இதையே போட்டுக்கிடுதேன்."

"டாக்டர் சரின்னா போட்டுக்கோங்க. முன்னால போட்டுப் பாத்தீங்களே, அப்ப என்ன ஆச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "காப்பியில சீனி இல்லையேன்னு ரெண்டு கடலைமிட்டாய் கூடத் தின்னேன்."

"எதுல செஞ்ச மிட்டாய்?"

"வெல்லத்துலதாம்மா."

உலகம்மை சிரிக்கவில்லை. படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன இடத்தை ஆவுடையப்பனும் பார்த்தார். தேன் இலையிலிருந்து ஒரு வரிசை பிரிந்து வந்துகொண்டிருந்தது. அது கருப்பட்டிக்குப் போகவில்லை, சீனிக்கும் போகவில்லை. அவருடைய காலில் ஏறி, கட்டின் ஈரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அம்மா, நான்தான் காசியில சீனியை விட்டுட்டேனே!"

உலகம்மை கீழே இறங்கி உட்கார்ந்து அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு எறும்பாகத் தட்டிவிட்டார்.

"அது இதுகளுக்குத் தெரியாதே அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது. இலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை குருவுக்கு ஒரு தம்ளரும் தனக்கு ஒரு தம்ளரும் காப்பி கொண்டுவந்தார். தன்னுடையதை ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. கீழே வைக்கப் போனவர், வைக்காமல் இன்னொரு வாய் குடித்தார்.

உலகம்மை புதுத் துணியால் அவர் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"கசக்குதும்மா. ஒண்ணுமே போடல."

உலகம்மை முடிச்சை இறுக்கினார்.

"இப்பதான் காசி வந்துருக்கு, அண்ணாச்சி."