மூடுபனியில வாய் பொத்தின ஊர்

கடலுக்கு அந்தப் பக்கம், கனடாவுல, ஆர்டன்னு ஒரு துறைமுக ஊர். அந்த ஊர்ல ஒரு மணிக்காரி இருந்தா. பேரு மோராக். ம் சொல்லு பாப்போம்.

"ம்."

அந்தக் கடல்ல மூடுபனி வரும். சும்மா பனி இல்ல, கையை நீட்டினா உன் விரலே உனக்குத் தெரியாது. கரைமுனையில கலங்கரை விளக்கம் இருக்கு, ஆனா பனிக்குள்ள வெளிச்சம் நாலடிகூடப் போகாது. அதனால விளக்குக்குப் பக்கத்துல பெரிய மணி ஒண்ணு. பனி வந்தா மோராக் அடிப்பா. டாங்-டாங்... கொஞ்சம் நிறுத்தி, டாங்-டாங்... அந்தச் சத்தம் வர்ற பக்கம்தான் வழி. மத்த பக்கமெல்லாம் பாறை. மீன் பிடிக்கப் போனவங்க காதை வச்சுத்தான் வீடு வந்து சேருவாங்க.

ஒருநாள் மோராக்கோட வீட்டுக்காரர் யூவனும் கூட்டாளிங்களும் படகுல போயிருந்தாங்க. மத்தியானம் பனி குபுகுபுன்னு இறங்கிடுச்சு. மோராக் ஓடிப்போய் அடிச்சா. டாங்-டாங்... டாங்-டாங்... டொக்! மணி விரிசல் விட்டுடுச்சு.

"அய்யய்யோ! அப்புறம்?"

அப்புறம் என்ன, ஒரு தகர வாளியைக் கவுத்துப் போட்டு, கரண்டியால டிங்-டிங்னு அடிச்சா. தூரத்துல யூவன் ஊதுகொம்பை எடுத்து, பூஊம்னு பதில் சொன்னார். அப்பாடா, கேட்டுடுச்சு!

ஆனா அது ஊருக்கும் கேட்டுடுச்சு. "மணி உடைஞ்சு போச்சாம்! பாவம், ஒத்தையா அடிக்கிறா. வாங்க, நாமளும் கூப்பிடுவோம்!" அப்போ கோட்டையில பீரங்கி, டமார்! மேட்டுமேல சர்ச் மணி, டாண் டாண்! படகுத்துறையில பொம்பளைங்க எல்லாம் சட்டியும் பானையும் லொடலொடலொட! எல்லாம் பாசம்தான் கண்ணு. ஆனா நாலு பக்கமும் கூப்பிட்டா, பனிக்குள்ள நிக்கறவர் எந்தப் பக்கம் வருவார்?

யூவனோட கொம்புச் சத்தம் பாறைப் பக்கமா நகர்ந்து போச்சு. பூஊம்... பூம்... மோராக் வாளியைப் போட்டுட்டு ஓடினா. தடதடதட.

முதல்ல கோட்டை. பீரங்கிக்காரர் டூகல் முகமெல்லாம் கரி. "இன்னும் பெருசா ஒண்ணு போடட்டுமா தங்கச்சி?"

"வேணாம் அண்ணே! உங்களை நம்பி வந்தா கோட்டைப் பாறையிலதான் மோதுவாங்க!"

டூகல் தீக்கோலை அப்படியே தண்ணியில முக்கினார். புஸ்ஸ்ஸ்.

அப்புறம் சர்ச்சு. பாதிரியார் கயித்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தார். "ஆண்டவரோட மணியை நிறுத்தச் சொல்றியாம்மா?"

"ஃபாதர், ஆண்டவருக்கு நல்லாவே காது கேக்கும். எங்க வீட்டுக்காரருக்குத்தான் வழி தெரியல."

ஆடற மணி சட்டுனு நிக்குமா? பாதிரியார் கயித்துலயே தொங்கினார். டாண்... டா... டொய்ங்.

தூங்கிட்டியா?

"ம்ஹூம். சொல்லு."

கடைசியா படகுத்துறை. அங்க நடுவுல நின்னு பெரிய இரும்புச் சட்டியை மொத்திக்கிட்டிருந்தது யாரு? யூவனோட அம்மா ஃப்ளோரா. அந்த அம்மாவுக்குத் தொண்டையும் பெருசு. "யூவா...ன்! டேய் யூவா...ன்!"

"அத்தே, நிறுத்துங்க!"

"போடி! என் பிள்ளையை நான் கூப்பிடக்கூடாதா? பத்து மாசம் சுமந்து பெத்தவ நான்!"

"பெத்தது நீங்கதான். உங்க குரல்னா அவர் கண்ணை மூடிக்கிட்டு வருவார். அதான் எனக்குப் பயமே. கரைமுனையைச் சுத்தி வந்தாத்தான் வழி. இங்க நேரா வந்தா பூரா பாறை, அத்தே."

அப்போ மறுபடியும் கொம்பு கேட்டுச்சு. பூம். ரொம்பக் கிட்டத்துல, தப்பான பக்கத்துல.

ஃப்ளோராவோட கை அந்தரத்துலயே நின்னுச்சு. சட்டியை மருமக கையில குடுத்தா. முந்தானை மாதிரி முன்னாடி கட்டியிருந்த துணியைச் சுருட்டித் தன் வாயிலேயே அடைச்சுக்கிட்டா. அதைப் பாத்ததும் மத்தவங்களும் சட்டிபானையைக் கீழ வச்சுட்டு ஒவ்வொருத்தரா வாயைப் பொத்திக்கிட்டாங்க. ஊரே கப்சிப். ஒரு நாய் குரைக்கப் பாத்துச்சு, யாரோ அதைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க.

மோராக் கரைமுனைக்கு ஓடி அந்தச் சட்டியை அடிச்சா. டங்-டங்... நிறுத்தி... டங்-டங்...

பதில் இல்ல.

டங்-டங்... டங்-டங்...

பூம்.

பாறையை விட்டு விலகி, மெதுவா மெதுவா, பூம்... பூஊம்... அப்புறம் சளக், சளக்னு துடுப்பு போடற சத்தம். வெள்ளைப் பனிக்குள்ள இருந்து படகோட மூக்கு எட்டிப் பாத்துச்சு!

யூவன் கரையில குதிச்சதும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "மோராக், எங்க அம்மா சத்தத்தையே காணோமே! உடம்பு ஏதும் சரியில்லையா?"

ஃப்ளோரா துணியை வாயிலேருந்து உருவிப் போட்டா. "நல்லாத்தான்டா இருக்கேன்! வா, வந்து சாப்பிடு!"

அன்னிக்கு அந்தக் குரல் கோட்டைக்கே கேட்டுச்சாம்.

படகு கரைக்கு வந்துடுச்சு, கதையும் கரைக்கு வந்துடுச்சு. உஷ்ஷ்... கண்ணை மூடு, செல்லம்.

"..."