மாமா என்பது பேரா?

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால் கதையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

நாகர்கோவில் பக்கம் ஒரு வீடு. ஞாயிறு ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் ஆனபின், அந்த வீட்டுப் பிள்ளைகள் மேஜையைத் துடைத்துவிட்டுப் பகடையோடு உட்காருவார்கள். தாயம் அல்ல, கதை விளையாட்டு. மூத்தவள் பெனிட்டா கதை சொல்லுவாள். தம்பி ரூபனும் தங்கை சாரோனும் ஆளுக்கொரு வேஷம் எடுத்து அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வழியில் வருகிற ராஜா, திருடன், கடைக்காரன் அத்தனை பேருக்கும் வாய் பெனிட்டாதான். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும்.

ஷோபனா, ரூபனைக் கட்டி அந்த வீட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் உப்புப் போதுமா என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் வராது. மாமியார் அன்பானவர். மாமனாரோ கல்யாணத்துக்கு முந்தின வருஷமே கர்த்தரிடம் போய்விட்டார். பஸ் ஓட்டினவர், காக்கிச் சட்டையோடு சுவரில் ஒரு படம் உண்டு. மாமனார் என்று ஷோபனாவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அண்ணி, அங்க நின்னு என்ன பாக்கிய? வாங்க!" என்று சாரோன் கையைப் பிடித்து இழுத்து, மேஜையில் உட்காரவைத்து, வைத்தியச்சி வேஷம் எழுதின அட்டையைக் கொடுத்தாள். அந்த ஒரு இழுப்புக்காக ஷோபனா இன்றைக்கும் ஜெபத்தில் நன்றி சொல்லுகிறாள்.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. கொண்டுவந்தவன் ரூபன். முன்பு ஒருதரம் பெனிட்டா தனக்குப் பிடித்த கொள்ளைக்காரனை, "இவன் முக்கியமான ஆளாக்கும்" என்று சொல்லிச் சொல்லியே சாகவிடாமல் தப்பவைத்தாள். பெரிய சண்டை ஆகிவிட்டது. அதன்பிறகு வைத்த சட்டம் இது: கதையில் வருகிற பேரில்லாத ஆள் ஒரே அடியில் சாவான். பேருள்ளவர் முக்கியமானவர்; அவருக்கு மூன்று மூச்சு, அடிபட்டாலும் எழும்பலாம். பேரை யாரும் வைக்கலாம். ஆனால் மேஜையில் இருக்கிற எல்லார் வாயிலும் அந்தப் பேர் வந்திருக்கவேண்டும். பகடை உருண்டபின் வைத்த பேர் செல்லாது.

கதை ஒரு காயல் கரைக்கு வந்தது. அக்கரைக்குக் கொண்டுபோகப் படகுக்காரர் ஒருவரைப் பெனிட்டா கூட்டிவந்தாள். பேர் ஒன்றும் யோசிக்கவில்லை. துடுப்பை எடுத்தவர் பின்னால் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா மக்கா?" என்றார்.

ரூபனும் சாரோனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸை எடுக்குமுன் அப்பா கேட்கிற கேள்வி. குரலிலும் அதே இழுப்பு. பெனிட்டாவுக்கே அது தன்னையறியாமல் வந்துவிட்டது. இது ஒன்றும் தெரியாத ஷோபனா, "ஏறியாச்சு மாமா" என்றாள்.

"என்ன மருமவளே, தண்ணியக் கண்டா பயமா?" என்று உடனே திரும்பினார் படகுக்காரர்.

அதன்பிறகு ஷோபனாவுக்கு வாய் திறந்துகொண்டது. படகில் போகப்போக மாமாவிடம் கருவாட்டுக் குழம்புக்குப் பக்குவம்கூடக் கேட்டாள். "மாங்கா போடாத குழம்பு ஒரு குழம்பா மக்கா?" என்று பெனிட்டா அவர் குரலில் சொல்ல, அடுக்களையில் மாமியார், "அப்படியே அவருதான்!" என்று சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கேட்கக் கேட்க, சுவரில் இருந்தவர் ஷோபனாவுக்குக் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கி வந்தார்.

"எங்க அண்ணிக்கு மாமா கிடைச்சாச்சு! மாமா, என்னையும் கொஞ்சம் கவனியுங்க" என்று சாரோன் கேலி பண்ணுவாள். பெனிட்டாவும், "மாமா துடுப்புப் போட்டார்" என்றே கதை சொன்னாள். ரூபன் மட்டும் "படகுக்காரர்" என்பான். சொல்லும்போது சுவர்ப்பக்கம் பார்க்கமாட்டான்.

கரை தெரிந்தது. நாணலுக்குள்ளிருந்து ஒரு வில்லாளி எழும்பினான்.

"மாமா, குனியுங்க!" என்று ரூபன் கத்தினான்.

பெனிட்டா பகடையை உருட்டினாள். அம்பு தைத்தது.

"அவருக்குப் பேர் வைக்கல்ல. சட்டப்படி போய்ட்டாரு" என்றான் ரூபன், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"மாமான்னு கூப்பிட்டோமே?" என்றாள் ஷோபனா.

"அது உறவுமுறை. ஊர்ல பாதிப்பேரு மாமாதான்."

"பெரிய வக்கீலு! அக்கா, கதை உன் கதை. பொழச்சாருன்னு சொல்லிரு, முடிஞ்சுது" என்றாள் சாரோன்.

"ஏமாத்திக் காப்பாத்துனா அது பொம்மைடீ, ஆளில்ல. அவரு ரெண்டாந்தடவையும் போகணும்னு எனக்கு ஆசையா?" என்றான் ரூபன்.

ஷோபனா தன் வைத்தியச்சியின் அட்டையை மேஜை நடுவே தள்ளிவைத்தாள். "சட்டத்த யாரும் மீறவேண்டாம். இவ உசுர அவருக்குக் குடுத்துருதேன். எனக்கு வேற வேஷம் கிடைக்கும். வேற மாமா கிடைக்கமாட்டாரு."

இப்போது சொல்லுங்கள். சட்டத்தைப் பிடித்த ரூபன், கதைக்காரியே முடிவு சொல்லட்டும் என்ற சாரோன், தன் ஆளைக் கொடுக்க வந்த ஷோபனா: இவர்களில் யார் சொன்னது சரி? படகுக்காரர் போனாரா, இருக்கிறாரா?

விடை: சட்டத்தை வளைக்கக்கூடாது என்ற மட்டில் ரூபன் சொன்னது சரி, நினைத்தபடி காப்பாற்றலாம் என்றால் பகடை எதற்கு? ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவைக்கிற சொல்தான் பேர். ஊரில் பாதிப்பேர் மாமாவாக இருக்கலாம், அந்தப் படகில் மாமா ஒருவர்தான். ஷோபனா கூப்பிட்டாள், சாரோன் கூப்பிட்டாள், பெனிட்டா சொன்னாள். மிச்சம் ஒரு வாய். "லே, நான் பகடைய உருட்டுமுன்ன நீ என்னன்னு கத்துன?" என்று பெனிட்டா கேட்டபோது ரூபன் முதல்முறையாகச் சுவரை நிமிர்ந்து பார்த்தான். பேர் செல்லும்; ஒரு மூச்சுத்தான் போயிருக்கிறது, இன்னும் இரண்டு உண்டு. ஷோபனாவின் அட்டை அவள் கைக்கே திரும்பியது. படகுக்காரர் அம்பைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டுவிட்டு, "எல்லாரும் இருக்கியளா மக்கா?" என்றார். "இருக்கோம் மாமா" என்று முந்திக்கொண்டவன் ரூபன். ஷோபனா மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள்.