தாமோதரனாரின் மூன்று புது இனங்கள்

பன்றிமூக்கு ஸ்கங்க் என்னும் சிறு விலங்கு வாலைத் தூக்கினால் கண்ணெரியும் நாற்றத்தைப் பீய்ச்சும். அதனால் அரண்மனை மிருகசாலை அதிகாரி தாமோதரனார் தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்த்தே, முதுகிலுள்ள வெள்ளைக் கோடுகளின் வித்தியாசத்தை வைத்து மூன்று புது இனங்களைக் கண்டுபிடித்தார். மூன்றுக்கும் தன் பெயரையே சேர்த்து வைத்தார்.

“ராஜா வர்றதுக்குள்ள பழசோட சேர்த்து நாலு இனத்தையும் தனித்தனியா அடை. ஒண்ணு மாறினாலும் உன்னை அதோட பூட்டுவேன்” என்றார், கூண்டு கழுவும் மாடத்தியிடம். சொன்னதைச் செய்கிற ஆள்தான். போன வருஷம் அப்படிப் பூட்டப்பட்டவன் ஒரு வாரம் கண்ணைத் திறக்கவில்லை.

ராஜா வந்தபோது நான்கும் ஒரே கூண்டில் இருந்தன. அதிகாரி கூண்டுச் சாவியைக் கையில் எடுத்தார். மாடத்தி ராஜாவின் முன்னால் ஓடி வந்து நின்றாள்.

“பிரிச்சுத்தான் வச்சேன் மகாராஜா. மூணும் ஓயாம கத்துச்சு. ஆத்தாகிட்ட விட்டதும் அடங்கிருச்சு. ஐயா ரெண்டு மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப ஒரே ஈத்துல பொறந்ததுங்க.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அகலக் கோடு, ஒல்லிக் கோடு, பாதிக் கோடு மூன்றும் தாயின் வயிற்றில் முட்டிப் பால் குடித்தன.

ராஜா அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். “அப்போ நீர் வைத்த பெயர்கள்?”

அதிகாரி சாவியை மெல்ல மடியில் செருகினார். மாடத்திதான் பதில் சொன்னாள்: “அது வீணாகாது மகாராஜா. குட்டிகளைக் கூப்பிட வச்சுக்கிறேன்.”