ஆடி முப்பத்திரண்டு

கோணலூர் ராஜா மகுடபூபதி பட்டம் சூட்டிக்கொண்டது சித்திரை ஒன்றாம் தேதி, சூரியன் கிளம்பும் நேரம்.

"காலமே அப்போதுதான் பிறந்தது மகாராஜா! இனி மாதம் எதற்கு? பட்டாபிஷேகத்திலிருந்து எத்தனை நாழிகை என்று எண்ணினால் போதாதா?" என்று கொளுத்திப்போட்டார் கணக்குப் புலவர் ஏகாம்பரம். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எந்த நாளுக்காவது மாதப் பெயர் சொன்னால் கழுதைமேல் ஊர்வலம் என்று தண்டோரா போட்டாயிற்று.

மாட்டிக்கொண்டவன் கொளஞ்சி. மாட்டுத் தரகனாக இருந்து, வாயை மட்டும் முதலாகப் போட்டுச் சபைக்கு வந்தவன். புலவருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவன் மகள் கல்யாணத்துக்கு வேண்டுமென்றே ஒரு முகூர்த்தம் குறித்துக்கொடுத்தார்: நாழிகை ஏழாயிரத்து ஐந்நூறு.

மாப்பிள்ளையின் அப்பா குதித்தார். "என்ன சம்பந்தி, விளையாடுறீங்களா? இது ஆடியில விழுதா, ஆவணியிலயா? ஆடின்னா என் பையன் தாலி கட்டமாட்டான்!"

"ஆவணிதான் சம்பந்தி."

"உங்க பேச்சை நம்பி நான் மாடுகூட வாங்கமாட்டேன். புலவர் சொல்லட்டும். இல்லன்னா கல்யாணம் இல்ல."

கொளஞ்சி புலவரிடம் ஓடினான். "சட்டம் தடுக்கிறதே அப்பா" என்று இளித்தார் அந்த மனுஷர்.

கொளஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே சம்பந்தியைச் சபைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மகாராஜா! ஆடி முப்பத்திரண்டு என் மகளுக்குக் கல்யாணம். அவசியம் வரணும்!"

புலவர் துள்ளி எழுந்தார்.

"அட மடையா! நாளுக்கு அறுபது நாழிகை; ஏழாயிரத்து ஐந்நூறை அறுபதால் வகு. நூற்றிருபத்தைந்து நாள். அதோடு ஆடி தீர்ந்தது! இந்த வருஷம் ஆடிக்கு முப்பத்தோரு நாள்தான். முப்பத்திரண்டு என்று ஒரு நாளே கிடையாது. அது ஆவணி ஒன்று!"

"காதில விழுந்துதா சம்பந்தி?" என்றான் கொளஞ்சி.

"விழுந்துது, விழுந்துது!"

ராஜா சிங்காசனத்தைத் தட்டினார். "இரண்டு பேரும் மாதப் பெயர் சொன்னீர்கள். இரண்டு கழுதை கொண்டுவா!"

"ஒண்ணு போதும் மகாராஜா. ஒரு நாளுக்கு மாதப் பேர் சொன்னாத்தானே குத்தம்? நான் சொன்னது இல்லாத நாள். புலவரே சாட்சி. இருக்கிற நாளைச் சொன்னவர் அவர்!"

ராஜா சிரித்த சிரிப்பில் மகுடம் மூக்குக்கு இறங்கியது. "சட்டம் ரத்து! கழுதை மட்டும் ரத்தில்லை."

ஆவணி ஒன்றாம் தேதி மாப்பிள்ளை ராஜாவின் குதிரையில் வந்தான். பின்னாலேயே கழுதைமேல் ஏகாம்பரம். தெருவுக்குத் தெரு ஜனங்கள் மறித்துக் கேட்டார்கள்:

"புலவரே, இன்னிக்கு என்ன தேதி?"