ஆட்சேபம் ஏதும் வரவில்லை

கோமதிநாயகம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. குரு என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனால் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவர் தொலைபேசி இலாகாவில் முப்பது வருடம் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். அவள் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து 'மதகு' என்ற மென்பொருளைப் பராமரித்து வந்தாள். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலைக் கணினியில் ஓட வைப்பது மதகின் வேலை. அது யாருக்கும் சொந்தமில்லை. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து நாற்பது பேர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். திருத்தம் நின்ற நாள் கிடையாது.

மதகில் ஒரு வழக்கம் உண்டு. பழைய செயல்பாடு ஒன்றை நீக்குவதானால் சட்டென்று நீக்க மாட்டார்கள். மூன்று வருடம் அது வேலை செய்யும். ஆனால் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி வரும்: 'இது நீக்கப்பட இருக்கிறது. புதியதற்கு மாறிக்கொள்ளவும்.' மூன்று வருடம் முடிந்ததும் அறிவிப்பு போட்டு இருபத்தொரு நாள் காத்திருப்பார்கள். பிறகு, 'ஆட்சேபம் ஏதும் வரவில்லை' என்று எழுதிவிட்டு நீக்குவார்கள்.

அந்த வருடம் அப்படி ஒன்று நீக்கத்துக்கு வந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் சின்னத் தகவல் அனுப்பும் பழைய செயல்பாடு. நீக்கும் வேலையைக் கோமதிநாயகம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"மூணு வருஷமெல்லாம் எதுக்கு டீச்சர்? ஆறு மாசம் போதாதா?"

"யாராவது வச்சிருப்பாங்க அண்ணாச்சி."

"இணையம் பூரா தேடிட்டேன். ஒருத்தர் நிரல்லயும் இல்ல."

"இணையத்துல போட்டு வச்சவங்களைத் தேடியிருக்கீங்க."

"போடாதவங்களை எங்க போய்த் தேட?"

அது அவளுக்கும் தெரியாது.

இருபத்தொரு நாள் ஆனது. கோமதிநாயகம் அந்த வழக்கமான வரியை எழுதினார். ஜெசிந்தா ஒப்புதல் கொடுத்தாள். இதை நான் மறைக்க மாட்டேன், அவளும் மறைத்ததில்லை. எட்டு மாத உழைப்பில் மதகுக்குள் போன அவருடைய முதல் திருத்தம் அது. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்களும் ஒன்றும் புரியாமல் சந்தோஷப்பட்டார்கள்.

புதிய பதிப்பு வெளியானது. நாலைந்து பேர் வந்து, பழையது எங்கே போனது என்று கேட்டார்கள். அவர் கையேட்டைக் காட்டினார், போய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்து இன்னொருவர் எழுதினார். தட்டுத் தடுமாறிய ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'புதிய பதிப்பில் தகவல் அனுப்பும் பழைய செயல்பாடு இல்லை என்று உங்கள் பக்கத்தில் பார்த்தேன். அதற்குப் பதில் எதைப் பயன்படுத்த வேண்டும்? என் அம்மாவின் கட்டிலில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் என் கடையில் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. இப்போது அவசரம் இல்லை.'

கோமதிநாயகம் நான்கு நிமிடத்தில் பதில் போட்டார். கையேட்டின் முகவரியைக் கொடுத்தார். மூன்று வருடமாக எச்சரிக்கை வந்ததைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள் என்று மரியாதையாக ஒரு வரி சேர்த்தார். 'தீர்ந்தது' என்று குறியிட்டு மூடினார். வேலை சுத்தம்.

மறுநாள் காலை ஜெசிந்தா அதைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"கடைசி வரியை வாசிங்க அண்ணாச்சி."

"'இப்போது அவசரம் இல்லை.' தங்கமான ஆளு டீச்சர். மத்தவங்கள்லாம் வந்ததும் குதிப்பாங்க."

"முன்னாடி அவசரம் இருந்திருக்கு. இப்ப ஏன் இல்ல?"

அவர் மறுபடி வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பேசியபோது அது சண்டை போடுகிற குரலாக இருந்தது.

"நாம சொல்லாமயா எடுத்தோம்? மூணு வருஷம் சொல்லியிருக்கோம் டீச்சர். தினமும் சொல்லியிருக்கோம். அதுக்கு மேல ஒருத்தருக்கு என்ன சொல்ல? இதுல யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

ஜெசிந்தா அந்த ஆளின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஐயம்பெருமாள், கல்லிடைக்குறிச்சி என்று இருந்தது. உலகமெல்லாம் ஓடுகிற மென்பொருளுக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒரு முறையீடு. நேரில் வரலாமா என்று எழுதினாள். 'வாங்க' என்று தமிழில் ஒரே சொல் வந்தது.

"பத்தரைக்கு பஸ் இருக்கு. செருப்பைப் போடுங்க அண்ணாச்சி" என்றாள்.

ஐயம்பெருமாள் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நாற்பது வயதிருக்கும். மொட்டை போட்ட தலையில் முடி இப்போதுதான் முளைத்திருந்தது. அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார். கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரே அறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார்கள். அதன் காலில் பொத்தான் இன்னும் கட்டியே இருந்தது.

"அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு நாலு வருஷம். தனியா எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீடியோ பாத்துப் பாத்து நானே செஞ்சேன். அமுக்கினா கடையில மணி அடிக்கும், ஓடி வந்துருவேன்" என்றார்.

"கணினி எங்க இருக்கு?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

அவர் பரணைக் காட்டினார். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கணினி.

"திரை வைக்கலையா?" என்றார் கோமதிநாயகம்.

"எதுக்குங்க? மணி அடிச்சாப் போதாதா? மாட்டுன அன்னைக்கு டிவியில இணைச்சு ஒரு தடவை பாத்தேன். அப்புறம் அது பாட்டுக்கு ஓடுச்சு. வாரத்துக்கு ஒரு தடவை தானா புதுப்பிச்சுக்கிடுற மாதிரி வச்சிருந்தேன். அப்படி வைக்கிறதுதான் நல்லதுன்னு வீடியோவுல சொன்னாங்க."

ஜெசிந்தா டப்பாவை இறக்கி டிவியில் இணைத்தாள். தன் பையிலிருந்து ஒரு விசைப்பலகையை எடுத்துக் கோமதிநாயகத்தின் மடியில் வைத்தாள்.

"நீங்க பாருங்க அண்ணாச்சி."

கணினி தனக்கு நடந்ததையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தது. அவர் மேலிருந்து உருட்டினார். பொத்தான் அழுத்தப்பட்டது, எச்சரிக்கை. பொத்தான் அழுத்தப்பட்டது, எச்சரிக்கை. தண்ணீர் கேட்டு, காபி கேட்டு, திரும்பிப் படுக்கக் கேட்டு அந்த அம்மாள் அழுத்திய ஒவ்வொரு முறைக்கும் கீழே அந்த வரி இருந்தது. இது நீக்கப்பட இருக்கிறது. புதியதற்கு மாறிக்கொள்ளவும். மூன்று வருடம் ஒரு நாள் தவறாமல் பரண் மேல் எச்சரிக்கை வந்திருக்கிறது. வாசிக்க அங்கே பல்லியைத் தவிர யாரும் இல்லை.

அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். ஒரு வியாழக்கிழமை. பொத்தான் அழுத்தப்பட்டது. அதற்குக் கீழே எச்சரிக்கை இல்லை. 'அப்படி ஒரு செயல்பாடு கிடையாது' என்று இருந்தது. மணி பதினொன்று பத்து. மறுபடியும் அழுத்தப்பட்டது. அப்படி ஒரு செயல்பாடு கிடையாது. மறுபடியும். அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கடைசி வரி. அதற்குப் பிறகு யாரும் அழுத்தவில்லை.

ஐயம்பெருமாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்கே புரிந்திருக்கும்.

"மத்தியானம் சாப்பாடு கொடுக்க வந்தப்போ கீழ கிடந்தா. நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா, பேச்சு வரல" என்றார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வரச்சொன்னேன். அம்மா அன்னைக்கு அமுக்கினாளா? இல்ல அமுக்காமலே எந்திரிச்சிட்டாளா? அவ பிடிவாதக்காரி. எதுக்கு அவனைச் சும்மா சும்மா கூப்பிடணும்னு தானா எந்திரிக்கக் கூடியவதான். அப்படித்தான் நடந்திருக்கும்னு நான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

கோமதிநாயகம் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரும் முகமாக அது இல்லை.

ஆமாம், அமுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். வந்த இருவரும் எழுந்து வெளியே போய்விடலாம். அந்த மனிதரும் இரவில் தூங்குவார். கோமதிநாயகத்தின் கை விசைப்பலகை மேல் இருந்தது. ஒரு விசையில் அந்தப் பக்கம் மறைந்துவிடும். பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் போட்டது. தெருவில் ஒரு பால்காரர் யாரிடமோ நின்று பேசி முடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். குக்கர் மறுபடி சத்தம் போட்டது.

"அமுக்கியிருக்காங்க" என்றார்.

"எத்தனை தடவை?"

"பதினோரு தடவை. நாப்பத்திரண்டு நிமிஷம் அமுக்கியிருக்காங்க. மணிக்குத் தகவல் அனுப்புற விஷயத்தை எடுத்துட்டோம். எடுத்தது நான்தான். வேற யாரும் இல்ல."

ஜெசிந்தா சொன்னாள். "சரின்னு கையெழுத்துப் போட்டது நான்."

ஐயம்பெருமாள் நிலையிலிருந்து கையை எடுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ கூப்பிட்டிருக்கா" என்றார். பிறகு, "பதினோரு தடவை கூப்பிட்டிருக்கா."

அவர் திட்டுவார் என்று கோமதிநாயகம் எதிர்பார்த்தார். திட்ட வேண்டும் என்று விரும்பினார் என்றே சொல்லலாம். ஐயம்பெருமாள் தரையில் கையை ஊன்றி எழுந்தார். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று அடுப்பைப் பற்றவைத்தார். அந்தக் காபியைக் குடித்து முடிப்பது அவர்கள் இரண்டு பேருக்கும் பெரிய பாடாகிவிட்டது.

திரும்பும் பஸ் வீரவநல்லூரைத் தாண்டியது.

"தப்பு யார் மேலன்னு காலையில கேட்டேன்" என்றார் கோமதிநாயகம்.

"ஆமா."

"இப்ப கேக்கல."

அவள் தலையசைத்தாள்.

"இனிமே எதையும் எடுக்க வேண்டாம் டீச்சர். பழசெல்லாம் அப்படியே கிடக்கட்டும்."

"கிடக்கக் கூடாது அண்ணாச்சி. நாம எடுத்ததுல ஒரு ஓட்டை இருந்துச்சு. அது வழியா எவன் வேணும்னாலும் அந்த வீட்டுக் கணினிக்குள்ள வந்திருக்கலாம். அடுத்த பதிப்புல இன்னும் நாலு இருக்கு. எடுத்துத்தான் ஆகணும்."

"திரை இல்லாத வீடு எத்தனையோ இருக்குமே."

"இருக்கும்."

"அவங்களுக்கு எப்படிச் சொல்ல?"

"எனக்குத் தெரியல."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். கிளம்பியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்த நாலுக்கும் அறிவிப்பு நான் எழுதுதேன். எப்படி எழுதணும்னு மட்டும் சொல்லுங்க டீச்சர்."

"அம்மா அமுக்கினாளான்னு அவரு கேட்டாருல்ல, அதுக்கும் நீங்க வாயைத் திறந்ததுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சு அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். "ரொம்ப நேரம்."

"ஒவ்வொரு வரிக்கும் அவ்வளவு நேரம் எடுத்துக்கோங்க."